சில்லறை மந்திரமும் பெரும்படையும்

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் கட்டம் போட்ட தாள். அதன்மேல் படைப்பிரிவுகளுக்குப் பதிலாகச் சில காய்கள். ஆட்டத்தை நடத்துபவர் நிலவரத்தைச் சொல்கிறார்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூவாயிரம் பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு பேர். விடிந்தால் போர். குதிரைவீரனாக ஆடுபவருக்கு என்ன செய்வதென்று தெரியும். வில்லாளியாக ஆடுபவருக்கும் தெரியும். மந்திரவாதியாக ஆடுபவர் மட்டும் தன் தாளைப் புரட்டுகிறார். அவருடைய பாத்திரம் நேற்றுதான் குருவை விட்டு வெளியே வந்தது. கையில் இருப்பவை நாலைந்து மந்திரங்கள். ஒரு பொருளை விளக்குப்போல ஒளிரவைக்கலாம். கொஞ்ச தூரத்தில் நிற்பவர் காதில் கிசுகிசுக்கலாம். உடைந்த கலயத்தை ஒட்டவைக்கலாம். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார். பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் பதில், "நீயும் ஒரு வில்லை எடுத்துக்கொள்."

அந்தப் பதில் சரியா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, வாய்ச்சொல்லாலேயே கதையை நகர்த்தும் மேசை விளையாட்டுகளில் மந்திரம் என்றதும் நினைவுக்கு வருவது நெருப்புக் கோளமும் மின்னலும்தான். அவை ரூபாய் நோட்டு என்றால், விளக்கேற்றுவதும் கிசுகிசுப்பதும் சில்லறை. நூறு பேர் மோதும் இடத்திலேயே சில்லறை செல்லாது, ஆயிரம் பேர் மோதும் இடத்தில் எப்படிச் செல்லும் என்பது பொதுவான எண்ணம். விதிநூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

பொம்மைப் படையிலிருந்து வந்த மந்திரவாதி

இந்த விளையாட்டுகளின் பூர்வீகமே போர்க்களம்தான். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார்கள். இடைக்கால ஐரோப்பியப் படைகளைச் சிறு உலோகப் பொம்மைகளாக மேசையில் நிறுத்தி மோதவிடுவதற்கான நூல் அது. பெரும்போர் ஆட்டத்தில் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். நூலின் கடைசியில் கற்பனைக் கதைகளுக்கென ஒரு பிற்சேர்க்கை இருந்தது. மந்திரவாதி படைக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாக. அவன் எறியும் நெருப்புக் கோளம் பெரிய கவண்பொறி தாக்கும் பரப்பையும், அவன் விடும் மின்னல் கனரகப் பீரங்கியையும் அளவாகக் கொண்டது. அதாவது, பிறக்கும்போதே அவன் இரண்டு கால் முளைத்த பீரங்கி. ஆனால் அதே பிற்சேர்க்கையில் இருளை வரவழைப்பது, ஒளியூட்டுவது, இல்லாத படையை இருப்பதுபோலக் காட்டுவது ஆகியவையும் இருந்தன. பீரங்கிதான் பெயர் வாங்கியது.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டபோது, ஒரு பொம்மைக்கு ஒரே ஆள் என்று கணக்கு மாறியது. ஆட்டம் போர்க்களத்தை விட்டுச் சுரங்கங்களுக்குள் இறங்கியது. சுரங்கத்தில் சில்லறை மந்திரத்துக்கு மவுசு உண்டு: இருட்டில் ஒரு வெளிச்சம் உயிர் காக்கும், பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்கும் ஒரு சொல் வழி காட்டும்.

சிக்கல் வந்தது, சுரங்கத்தில் வளர்ந்த பாத்திரங்கள் மறுபடி பெரும்போருக்குத் திரும்பியபோது. 1976இல் வந்த 'ஸ்வோர்ட்ஸ் அண்ட் ஸ்பெல்ஸ்' ஒரு பொம்மைக்குப் பத்துப் பேர் என்றது. 1984இல் வந்த கம்பேனியன் பெட்டியின் 'வார் மெஷின்' விதி ஒரு படி மேலே போய், முழுப் படையையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கி, இரு தரப்பும் நூறு வரைக்கும் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. 1985இல் 'பேட்டில்சிஸ்டம்' வந்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் நேர்த்தியானதுதான். ஆனால் பத்துப் பேரை ஒரு பொம்மையாக்கும் எந்த விதியிலும், ஒருவர் காதில் மட்டும் விழும் கிசுகிசுப்புக்கு இடமில்லை. சில்லறை மந்திரம் போரில் தோற்றதாகச் சொல்ல முடியாது. அதை எடைபோடும் தராசே அங்கே இல்லை.

எது சில்லறை?

தொடக்க கால விதியில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். காலையில் மனப்பாடம் செய்தது, சொன்னதும் மறந்துபோகும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து எடுத்த ஏற்பாடு இது. இப்படிப்பட்டவன் தன் ஒற்றை மந்திரத்தை விளக்கேற்றுவதற்குச் செலவிடமாட்டான். 1985இல் வந்த 'அன்எர்த்ட் ஆர்கானா' நூல், 'கேன்ட்ரிப்' என்ற பெயரில் மிகச் சிறிய மந்திரங்களின் பட்டியலைத் தந்தது. மந்திர வித்தையைக் குறிக்கும் ஸ்காட்லாந்து வழக்குச் சொல் அது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, சில மந்திரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேன்ட்ரிப் எல்லாமே அப்படித்தான்.

வெளிப்பார்வைக்கு இது சின்ன மாற்றம். போருக்கு இது அடிப்படை மாற்றம். நாளுக்கு ஒருமுறை கிடைப்பது ஆயுதம். நாள் முழுக்கக் கிடைப்பது கருவி. மண்வெட்டியை யாரும் ஒருமுறை வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுவதில்லை. இந்தக் கட்டுரையில் சில்லறை என்று நான் சொல்வது ஐந்தாம் பதிப்பின் கேன்ட்ரிப்களையும் முதல் படி மந்திரங்களையும்தான். கணக்குகளும் 2014ஆம் ஆண்டு விதிகளின்படியே.

கொலைக் கணக்கு

முதலில் எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். கொல்வதில் சில்லறை மந்திரம் மிகவும் ஏழை. நெருப்புக் கணை என்ற கேன்ட்ரிப் 120 அடி தூரம் போகும், ஒருவரைத் தாக்கும், பத்துமுகப் பகடை ஒன்று உருட்டினால் சராசரி ஐந்தரை. நெடுவில் 150 அடி வரை தடையின்றியும், 600 அடி வரை சற்றுச் சிரமத்தோடும் எய்யும். எய்பவனின் கைத்திறனைச் சேர்த்தால் சேதமும் இதைவிடக் கொஞ்சம் கூடும். ஆகவே புது மந்திரவாதி, அம்பு தீராத ஒரு சுமாரான வில்லாளி. அவ்வளவுதான்.

உறக்க மந்திரத்தை எடுத்தால், ஐந்து எண்முகப் பகடைகளின் சராசரி இருபத்திரண்டரை. ஒரு சாதாரணக் காவலனின் உயிர்ப்புள்ளி 11. இரண்டு பேர் தூங்குவார்கள். மீதி 2,998 பேர் விழித்திருப்பார்கள். ஆசி மந்திரம் மூன்று பேருக்கு ஒரு நிமிடம் கைகொடுக்கும். அதைச் சொன்னவர் மனத்தை அதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதால் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும். ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆசி வேண்டுமென்றால் நானூறு பூசாரிகள் வேண்டும். அத்தனை பூசாரிகள் இருக்கிற நாட்டுக்குப் போரே வராது.

நெருப்புக் கோளத்தின் கதை வேறு. அதன் ஆரம் 20 அடி; பரப்பு சுமார் 1,257 சதுர அடி. ஆளுக்கு மூன்றடிக்கு மூன்றடி என்று நெருக்கி நிற்கும் ஈட்டிப்படையில் அது ஏறத்தாழ 140 பேர்மேல் விழும். ஆனால் இங்கேயும் கணக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஒருமுறை அடிவாங்கிய தளபதி அடுத்த முறை வீரர்களைப் பத்தடி இடைவெளியில் நிறுத்துவான். 140 என்பது 12 ஆகிவிடும். ஐந்தாம் நிலை மந்திரவாதியால் போரின் நடுவே இந்தக் கோளத்தை இரண்டு முறைதான் எறிய முடியும். எதிரி அணியைக் கலைந்து நிற்கவைத்ததுதான் அவன் செய்த உண்மையான வேலை. கலைந்து நிற்கும் படைக்குக் கட்டளை போய்ச் சேருவது கடினம். அதன் கொடி தெரியாது, முரசு கேட்காது. பெரிய மந்திரம் உண்டாக்கிய அந்த இடைவெளிகளில்தான் சிறிய மந்திரத்துக்கு வேலை தொடங்குகிறது.

காதில் விழுந்த சொல்

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு மந்திரமே இல்லாத ஒரு உண்மைப் போரைப் பார்ப்போம். 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு மேட்டின்மேல் நிற்கிறார். தங்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப்போவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. குதிரைப்படை வேகமாக முன்னேறி அதைத் தடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புகிறார். கேப்டன் நோலன் குதிரையில் சரிவிறங்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தாக்கில் இருந்த லூகன் பிரபுவிடம் கொடுக்கிறார். லூகன் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்கிறார். நோலன் பொதுவாகக் கையை வீசிக் காட்டுகிறார். அந்தக் கை காட்டிய திசையில், பள்ளத்தாக்கின் கோடியில் இருந்தது வேறொரு ரஷ்யப் பீரங்கி வரிசை. சுமார் 670 குதிரைவீரர்கள் அதை நோக்கிப் பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நோலன் முதலில் விழுந்தவர்களில் ஒருவர்.

லூகன் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அது போய்ச் சேரவேண்டிய காதைச் சேரவில்லை. விளையாட்டில் இருக்கும் 'சேதி' என்ற கேன்ட்ரிப்பின் சிறப்பு அதன் இரண்டாம் பாதியில் இருக்கிறது: கேட்டவர் கிசுகிசுப்பாகப் பதில் சொல்லலாம், அது அனுப்பியவர் காதில் மட்டும் விழும். பாலக்லாவாவில் குறைந்தது இந்த இரண்டாம் பாதிதான்.

உடனே, மந்திரம் தெரிந்தவர்களை வரிசையாக நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அதையும் கணக்குப் போட்டுவிடுவோம். 'சேதி' போகும் தூரம் 120 அடி. ஒரு மைலுக்கு 5,280 அடி. ஒரு மைல் கடக்க 44 தாவல்கள். ஒரு தாவலுக்கு ஆறு நொடி என்றால் 264 நொடி, அதாவது நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நன்றாக ஓடும் குதிரை அதே மைலை மூன்று நிமிடத்துக்குள் கடக்கும். நாற்பத்துச் சொச்சம் மந்திரவாதிகள் சேர்ந்து ஒரு குதிரையிடம் தோற்கிறார்கள். போதாததற்கு, நாற்பது வாய் மாறிய சேதி முதல் வாயில் இருந்ததுபோலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஆக, இந்த மந்திரம் தூதுக் குதிரைக்கு மாற்று அல்ல. அதன் இடம் நெருக்கத்தில் இருக்கிறது. 120 அடி என்பது சுமார் 36 மீட்டர். எண்பது பேர் கொண்ட ஒரு ரோமானியச் சென்சுரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது தாராளமாகப் போதும். இரும்போடு இரும்பு மோதும் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்துவதே கேட்காதபோது, அணித்தலைவனின் சொல் கடைசி வரிசைத் தலைவன் காதில் மட்டும் தெளிவாக விழுவது பெரிய காரியம். இரவில் பதுங்கியிருக்கும் படைக்கு அது இன்னும் பெரிது. தூரத்துச் சேதிக்கு வேறொரு சில்லறை இருக்கிறது: ஒரு கேடயத்தை ஒளிரவைத்துத் துணியால் மூடி மூடித் திறந்தால், இருட்டில் அடுத்த குன்றுக்குத் தெரியும். மந்திரம் பாதி, முன்கூட்டிப் பேசிவைத்த சைகை பாதி. அந்த இரண்டாம் பாதியை எந்த மந்திரவாதியும் தனியாகச் செய்ய முடியாது. படை பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

ஆறு நொடியில் ஐந்து டன் மண்

நம் புறத்திணை இலக்கணம் போரை ஒற்றை நிகழ்ச்சியாகப் பார்க்கவில்லை. ஆநிரை கவர்வது வெட்சி, படையெடுத்துப் போவது வஞ்சி, கோட்டையை முற்றுவது உழிஞை, களத்தில் நேருக்கு நேர் நிற்பது தும்பை என்று பிரித்துவைத்தது. விளையாட்டு மேசைகள் தும்பையில் மட்டும் பகடையை எடுக்கின்றன. சில்லறை மந்திரத்தின் பெருமை மற்றவற்றில் இருக்கிறது.

2015இல் சேர்க்கப்பட்ட 'மண் திருத்தல்' என்ற கேன்ட்ரிப்பைப் பாருங்கள். ஐந்தடிக்கு ஐந்தடிக்கு ஐந்தடி அளவுள்ள தளர்ந்த மண்ணை எடுத்து ஐந்தடி தள்ளிப் போடும். கேட்க அற்பமாக இருக்கும். அது 125 கன அடி. மூன்றரைக் கன மீட்டர். எடையில் சுமார் ஐந்து டன். கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு ஆள் நாள் முழுக்கச் செய்யும் மண்வேலைக்கு ஏறக்குறையச் சமம். ஆறு நொடியில் முடிகிறது; அடுத்த ஆறு நொடியில் அடுத்தது.

ரோமானியப் படை எதிரி நாட்டில் நடந்துபோகும்போது மாலைதோறும் பாசறையைச் சுற்றி அகழி வெட்டி, அந்த மண்ணாலேயே வரப்பு எழுப்பிவிட்டுத்தான் படுக்கும். இருபது ஹெக்டேர் சதுரப் பாசறை என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 1,790 மீட்டர். ஐந்தடி ஆழ, ஐந்தடி அகல அகழிக்கு 1,174 தடவை அந்த மந்திரத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மந்திரவாதி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவான். நிபந்தனை ஒன்று உண்டு: மண் தளர்ந்ததாக இருக்க வேண்டும். கெட்டித் தரையானால் முன்னே ஐம்பது வீரர்கள் கடப்பாரையால் கொத்திக்கொண்டே போக வேண்டும், பின்னே அவன் அள்ளிக்கொண்டே போக வேண்டும். ஐயாயிரம் பேர் செய்த வேலையை ஐம்பத்தொரு பேர் செய்துவிட, மீதிப் பேர் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி விடியலில் தெம்பாக எழுவார்கள். களைத்த படைக்கும் தூங்கிய படைக்கும் உள்ள வித்தியாசம் எந்த நெருப்புக் கோளத்தையும்விடப் பெரியது.

சோறும் தண்ணீரும்

வரலாற்றாசிரியர் டொனால்ட் எங்கெல்ஸ் 1978இல் அலெக்சாண்டரின் படையைப் பற்றி எழுதிய நூலில், ஒரு வீரனுக்கு நாளொன்றுக்கு மூன்று பவுண்டு தானியம் என்று கணக்கிட்டார். ஆயிரம் பேருக்கு அது ஒன்றேகால் டன்னுக்கு மேல். அதைச் சுமக்க மாடு வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும், தீனியைச் சுமக்க இன்னொரு மாடு வேண்டும். படையெடுப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த மாடுகள்தான். இனி முதல் படி மந்திரமான 'நற்கனி'யைப் பாருங்கள். பத்துக் கனிகள், ஒரு கனி ஒருவருக்கு ஒருநாள் உணவு. முதல் நிலை வனப்பூசாரி நாளுக்கு இரண்டு முறை சொன்னால் இருபது பேர் பசியாறுவார்கள். ஐம்பது பூசாரிகள் இருந்தால் ஆயிரம் பேர். இதே வேலைக்கென்றே இருக்கும் மூன்றாம் படி மந்திரம் ஒருமுறை சொன்னால் பதினைந்து பேருக்குத்தான் சோறு போடுகிறது. படி மூன்று மடங்கு, பலன் ஒன்றரை மடங்கு. சில்லறையாக மாற்றினால் கூடுதலாகக் கிடைக்கும் விசித்திரமான நாணயச் சந்தை இது.

என்றாலும் என் கட்சிக்கு வலுவான சாட்சி தண்ணீர்தான். மறுபடி கிரிமியாவுக்கே போவோம். பாலக்லாவாவின் பாய்ச்சலை உலகம் இன்றும் பேசுகிறது. கிரிமியப் போர் முழுவதிலும் மாண்ட பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் சுமார் 16,000 பேரைக் கொன்றது நோய்: காலரா, வயிற்றுக்கடுப்பு, டைஃபஸ். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை ஜான் ஸ்னோ லண்டனில் பிராட் தெருவின் அடிகுழாயை வைத்துக் காட்ட முயன்றதும் அதே 1854இல்தான். அப்போது பலர் நம்பவில்லை.

'உணவும் நீரும் தூய்மையாக்கல்' என்பது முதல் படி மந்திரம். ஐந்தடி ஆரமுள்ள கோளத்துக்குள் இருக்கும் உணவிலும் நீரிலும் உள்ள நஞ்சையும் நோயையும் நீக்கும். சடங்காகச் செய்தால் பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் மந்திரக் கையிருப்பில் எதுவும் குறையாது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இதைத் தங்கள் பட்டியலில் எழுதுவதே இல்லை. ஐந்தடி ஆரக் கோளத்தின் கொள்ளளவு 523 கன அடி, அதாவது ஏறத்தாழ 14,800 லிட்டர். பத்தடி ஆழமுள்ள ஒரு தொட்டியின் நடுவே அதை நிறுத்தினால், ஆளுக்கு நாலு லிட்டர் வீதம் 3,700 பேருக்கு ஒருநாள் குடிநீர் பத்து நிமிடச் சடங்கில் சுத்தமாகிவிடும். புதிதாகப் பூசாரியான ஒருவர் போதும். மாண்ட 16,000 பேரையும் அவர் காப்பாற்றியிருக்கமாட்டார். டைஃபஸைப் பரப்புவது பேன். அதற்குத் தண்ணீர் மந்திரம் உதவாது. ஆனாலும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோனவர்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருப்பார் என்று நினைக்க இடமுண்டு.

இங்கேயும் பாதி வேலைதான் மந்திரத்துடையது. தொட்டி கட்ட வேண்டும். தொட்டிக்குக் காவல் போட வேண்டும். தாகமெடுத்தவன் வாய்க்காலில் கைவைக்காமல் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத படைக்கு நூறு பூசாரிகள் இருந்தும் பயனில்லை.

பயத்தின் எடை

இனி தும்பைக்கே வருவோம். பிரெஞ்சு அதிகாரி ஆர்தான் து பிக், அவர் மறைவுக்குப் பின் 1880இல் வெளியான நூலில், பழங்காலப் போர்களில் பெரும் சாவு அணிகள் மோதும்போது நிகழவில்லை, ஒரு பக்கம் முதுகு காட்டிய பிறகே நிகழ்ந்தது என்று வாதிட்டார். அப்படியானால் எதிரியைக் கொல்வதைவிட, அவனை ஒரு நொடி முன்னால் திரும்பவைப்பது லாபம்.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படை நூலில் மனவுறுதிக்கு எளிய விதி இருக்கிறது. ஒரு கூட்டத்தின் உறுதி எட்டு என்றால், இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி எட்டுக்கு மேல் விழுந்தால் அது ஓடும். முப்பத்தாறில் பத்து வாய்ப்பு, 28 சதவீதம். உறுதியை ஒரே ஒரு புள்ளி குறைத்து ஏழாக்கினால் முப்பத்தாறில் பதினைந்து, 42 சதவீதம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை நடுவில்தான் குவியும் என்பதால், நடுவில் தட்டும் ஒரு புள்ளிக்கு இவ்வளவு எடை.

அந்த ஒரு புள்ளியை வாங்கச் சில்லறை போதும். 'சிறு மாயை' என்ற கேன்ட்ரிப் 30 அடிக்குள் ஒரு ஒலியை எழுப்பும். கிசுகிசுப்பு முதல் அலறல் வரை, முரசொலியாகவும் இருக்கலாம். மூவாயிரம் பேர் நிற்கும் களத்தில் பகலில் அது கொசு. நள்ளிரவில், இரவுக் காவலர்களுக்குப் பின்னால், எந்த முரசும் இருக்கக் கூடாத இடத்தில் கேட்டால் அது வேறு. இடமும் நேரமும் சேர்ந்தால்தான் சில்லறைக்கு மதிப்பு.

எல்லோர் கையிலும் இருந்தால்

இதுவரை மந்திரம் ஒரு சிலரிடம் மட்டும் இருக்கும் உலகத்தைப் பார்த்தோம். ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் எழுதி 1978இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்' வேறு வழியில் போனது. கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த குளோரந்தா உலகத்தில் உழவனுக்கும் மந்திரம் தெரியும், கூலிப்படை வீரனுக்கும் தெரியும். அந்தச் சிறு மந்திரங்களுக்கு முதல் பதிப்புகள் வைத்த பெயரே 'போர் மந்திரம்'. சில்லறையைப் போருக்கென்று அச்சடித்த விளையாட்டு அது.

அதில் 'கூர்வாள்' என்ற மந்திரம் ஒரு புள்ளிச் செலவுக்கு ஐந்து சதவீதம் கூடுதல் குறியும் ஒரு புள்ளி கூடுதல் சேதமும் தரும். தனி ஆளுக்கு அது பெரிதில்லை. நாற்பது சதவீதம் குறி தவறாத ஆயிரம் பேர் ஒருமுறை வீசினால் 400 வெட்டு விழும். நாற்பத்தைந்து ஆனால் 450. வெட்டுகளின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. நானூறு பூசாரிகளை வைத்து ஆசி வழங்க முடியாமல் திணறிய இடத்தில், ஆளுக்கு ஒரு புள்ளி என்று பரவிய மந்திரம் தானாகவே படையின் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

எதிரியிடமும் அதே மந்திரம் இருக்குமே என்பது நியாயமான கேள்வி. இருக்கும், அப்போது இரண்டும் கழிந்துபோகும். ஆனால் அந்த மந்திரம் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். யார் முன்னதாகச் சொல்லி வீணடிக்கிறார்கள், யார் மோதும் நொடிவரை வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். மறுபடி அதே இடத்துக்கு வந்து சேர்கிறோம்: பயிற்சி, கட்டுப்பாடு, நேரம்.

மேசைக்குத் திரும்பி

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு தீர்ப்பைத்தான் சொல்கின்றன. சில்லறை மந்திரத்தை வீரர்களின் எண்ணிக்கையோடு மோதவிட்டால் அது தோற்கும். படை எந்தக் கீலில் திரும்புகிறதோ அந்தக் கீலில் வைத்தால் வெல்லும். தளபதியின் காது, இரவுக் காவலனின் முதுகு, அகழியின் மண், குடிநீர்த் தொட்டி ஆகியவையே அந்தக் கீல்கள்.

ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்றுமில்லை. ஆயிரத்து இருநூறு பேருக்கும் பகடை உருட்ட வேண்டாம். போருக்கு முந்தின நாளை ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு சிறு மந்திரத்தை எங்கே, எப்போது, யார் துணையோடு பயன்படுத்தப்போகிறார் என்று சொல்லட்டும். அது நடந்ததா என்பதற்கு ஒரே ஒரு பகடை. நடந்திருந்தால் மறுநாள் போரில் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியின் எடை என்ன என்பதை மேலே பார்த்தோம்.

ஆகவே, தாளைப் புரட்டிக்கொண்டு "நான் என்ன செய்ய?" என்று கேட்கும் அந்தப் புது மந்திரவாதியிடம் வில்லை நீட்டாதீர்கள். உங்கள் படை எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.